பழைய வாக்கி-டாக்கிகளை எடைக்குப் போட வேண்டாம்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டதால், அன்று பேசியதை எழுதித் தந்திருக்கிறேன். நேரமில்லாமல் அன்று விட்டுப்போன சில கணக்குகளையும் சேர்த்திருக்கிறேன். நான் பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராகவே ஓய்வு பெற்றவன். கணக்கு இல்லாமல் எனக்குப் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாவது இனம் "உபயோகமற்ற வயர்லெஸ் கருவிகள் விற்பனை" என்றிருந்தது. நம் காவலர்கள் இத்தனை வருடம் வைத்திருந்த ஆறு வாக்கி-டாக்கிகள், கேட் அறையில் மேசைமேல் இருந்த ஒரு பெரிய கருவி, ஆக ஏழு. சங்கத்தின் பெயரில் உள்ள உரிமம் வரும் மார்ச்சில் முடிகிறது. புதுப்பிக்காமல், உரிமம் தேவைப்படாத சிறிய கருவிகளை வாங்கிவிட்டோம். அது சரியான முடிவு. 446 மெகாஹெர்ட்ஸில் குறைந்த சக்தியில் இயங்கும் அந்த வகைக்கு அரசே விலக்கு அளித்திருக்கிறது. கேட்டிலிருந்து சி பிளாக்குக்குப் பேச அது போதும். பழையதற்குத்தான் பழைய இரும்புக்காரர் ஏழுக்கும் சேர்த்து 1,800 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த 1,800 ரூபாய் வேண்டாம் என்று சொல்லத்தான் நான் எழுந்தேன்.

முதலில் சட்டம். வயர்லெஸ் கருவி பழைய மின்விசிறி மாதிரி இல்லை. உரிமமில்லாமல் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். ஆன் செய்து பேச வேண்டும் என்பதுகூட இல்லை. 1933-ஆம் ஆண்டின் இந்திய கம்பியில்லாத் தந்திச் சட்டம் அப்படித்தான் சொன்னது, 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அதையே சொல்கிறது. எடைக்குப் போட்டால் நாளை அது எந்தக் கைக்குப் போகும், எந்த அலைவரிசையில் பேசும் என்று நமக்குத் தெரியாது. கருவியின் வரிசை எண்ணோ நம் சங்கத்தின் பெயரில் இருக்கிறது. ரத்து செய்யாத காசோலைப் புத்தகத்தைக் குப்பையில் போடுவது போலத்தான்.

அரசு ஏன் இவ்வளவு கெடுபிடி செய்கிறது என்று சிலர் கேட்டார்கள். காரணம் பழையது. 1939-இல் போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் அரசு எல்லா அமெச்சூர் உரிமங்களையும் ரத்து செய்தது. 1942-இல் பம்பாயில் உஷா மேத்தாவும் நண்பர்களும் ரகசியமாக நடத்திய காங்கிரஸ் வானொலிக்கு ஒலிபரப்புக் கருவி அமைத்துத் தந்த நரிமன் பிரின்டர் அப்படி உரிமம் இழந்த ஓர் அமெச்சூர்தான். நம் பக்கத்தில் 1986 நவம்பரில் சென்னையில் என்ன நடந்தது என்பது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பறிமுதல் செய்த வயர்லெஸ் கருவிகளைத் திருப்பிக் கேட்டுப் பிரபாகரன் உண்ணாவிரதம் இருந்தார். வயர்லெஸ் என்ற சொல்லைக் கேட்டாலே காவல்துறை இரண்டு கேள்வி கூடக் கேட்பதற்கு இப்படி எத்தனையோ காரணம் உண்டு.

சரி, எடைக்கும் போடக்கூடாது, உரிமமும் முடிகிறது, என்னதான் செய்வது? இங்கேதான் அமெச்சூர் வானொலி வருகிறது. ஹாம் ரேடியோ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். லாபநோக்கம் இல்லாமல், தேர்வு எழுதி உரிமம் பெற்று, தனக்கென்று ஓர் அழைப்புக்குறி வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள். இந்தியாவில் பொது வகுப்புக்குப் பெரும்பாலும் வியூ2 என்றும், கட்டுப்படுத்தப்பட்ட வகுப்புக்கு வியூ3 என்றும் குறி தொடங்கும். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தி வியூ2ஆர்ஜி. நான் ஓய்வு பெற்ற பிறகு, என் பேரன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தேர்வு எழுதி வாங்கிய வியூ3.

நம் பழைய கருவிகளின் முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்துப் பார்த்தேன். ஆறும் மோட்டோரோலா ஜிபி328, 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்பவை, 5 வாட். மேசைக் கருவி ஜிஎம்300. இந்தியாவில் ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட வி.எச்.எஃப். பகுதி 144 முதல் 146 வரை. அதாவது நம் கருவிகளின் எல்லைக்குள்ளேயே ஹாம் பகுதி விழுகிறது. உள்ளே ஒரு திருகாணியைக்கூடத் தொட வேண்டாம்.

எல்லாக் கருவிக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 146-இல் தொடங்கும் ரகம் ஒன்று உண்டு. அதை 145-க்கு இறக்கினால், உள்ளே அலைவரிசையைப் பிடித்து நிறுத்தும் சுற்று சிலசமயம் பூட்டிக்கொள்ளும், சிலசமயம் முரண்டு பிடித்துக் கீச்சென்று கத்தும். யு.எச்.எஃப். கருவி என்றால் 403–470 ரகம் உதவும், ஏனென்றால் நமக்கு ஒதுக்கிய 434–438 அதற்குள் வருகிறது. 450-இல் தொடங்குவது உதவாது. ஆகவே யாராவது "சும்மா தருகிறேன், எடுத்துக்கோ" என்றால் முதலில் தகட்டைப் படியுங்கள்.

அந்தக் காலத்தில் இது பெரிய வேலை. ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு படிகம் வேண்டும். அனுப்புவதற்கான படிகத்தை 12-ஆல் பெருக்கும் கருவி என்றால், 145.500-ஐ 12-ஆல் வகுத்து 12.125 மெகாஹெர்ட்ஸ் படிகம் சொல்லி வெட்டி வாங்க வேண்டும். கேட்பதற்கு வேறு படிகம், அதில் 10.7-ஐக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். பிறகு காயில்களைப் பிளாஸ்டிக் திருப்புளியால் ஒவ்வொன்றாகத் திருகி மீட்டர் முள் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் உதிரி பொறுக்கிக் கருவி கட்டிய தலைமுறை அது. அவர்களுக்கு ரிச்சி தெருகூடப் புதுசு.

இன்றைக்கு எல்லாம் நிரலில் இருக்கிறது. ஹாம்களுக்கென்றே செய்த கருவியில் எண்பலகை இருக்கும், வேண்டிய எண்ணை அழுத்திக்கொள்ளலாம். காவலர் கருவியில் அது கிடையாது, இருக்கவும் கூடாது. காவலர் கை தவறி போலீஸ் அலைவரிசைக்குப் போய்விடக்கூடாது அல்லவா? 16 சேனல் குமிழ் மட்டும் இருக்கும். ஒவ்வொரு சேனலிலும் என்ன எண் என்பதைக் கணினியோடு கேபிள் போட்டு உள்ளே எழுத வேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்த இடம், ஏனென்றால் இது பேரேடு மாதிரியே இருக்கிறது. ஒரு பக்கம் கேட்கும் எண், மறுபக்கம் பேசும் எண். வரவு, பற்று. நேரடியாக ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் பேசும் சேனலில் இரண்டும் ஒரே எண். மலைமேல் இருக்கும் மறுஒலிபரப்பி வழியாகப் பேசும் சேனலில், பேசும் எண் கேட்கும் எண்ணைவிட 600 கிலோஹெர்ட்ஸ் குறைவாக இருக்க வேண்டும். கூடவே, காதுக்குக் கேட்காத ஒரு தாழ்ந்த தொனியையும் சேர்க்க வேண்டியிருக்கலாம். அது இல்லாவிட்டால் மறுஒலிபரப்பி கதவைத் திறக்காது.

செய்யும் முறையில் ஒரு வரிசை உண்டு. கருவியில் இருக்கும் பழைய நிரலை முதலில் படித்து, கணினியில் ஒரு நகல் சேமிக்க வேண்டும். எது நடந்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப அந்த நகல்தான் வழி. பிறகு சங்கத்தின் பழைய சேனல் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். இது முக்கியம். ஹாம் கையில் இருக்கும் கருவியில் வேறொருவருக்கு ஒதுக்கிய எண் ஒன்றுகூட இருக்கலாகாது. அதன்பின் 144–146-க்குள் சேனல்களை எழுத வேண்டும். எழுதி முடித்ததும் ஆன்டெனாவைப் போட்டு "ஹலோ" சொல்லிவிடக்கூடாது. ஆன்டெனா இடத்தில் 50 ஓம் சுமை ஒன்றைச் செருகி, எத்தனை வாட் வருகிறது, எண் சரியாக நிற்கிறதா என்று அளந்து பார்த்த பிறகுதான் காற்றுக்கு விட வேண்டும்.

இன்னொரு நுணுக்கம் அகலம். பழைய கருவிகள் 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கும் புதியவை 12.5-க்கும் அமைந்தவை. ஒருவர் அகலத்திலும் மற்றவர் குறுகலிலும் பேசினால், ஒரு பக்கம் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும், மறுபக்கம் கரகரக்கும். கருவி பழுது என்று நினைத்து அதைத் தூக்கிப் போடுவார்கள். நிரலில் ஒரு கட்டத்தை மாற்றினால் சரியாகிவிடும்.

மேசைக் கருவியான ஜிஎம்300-ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏழில் இரத்தினம் அதுதான். அதன் பின்புறம் 16 முனைச் செருகி ஒன்று இருக்கிறது. அதன் வழியாக இரண்டு கருவிகளை இணைத்து, ஒன்று கேட்க மற்றது பேச, மறுஒலிபரப்பியாக மாற்றிவிடலாம். உலகெங்கும் ஹாம்கள் அப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் இதை நிரலிடும் மென்பொருள் டாஸ் காலத்தது. இன்றைய வேகமான கணினியில் ஓடவே ஓடாது, பழைய மந்தமான கணினி வேண்டும். என் வீட்டுப் பரண்மேல் ஒன்று இருக்கிறது. என் துணைவியார் பல வருடமாக அதை எடைக்குப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

இவ்வளவு பாடுபட்டு என்ன பயன்? 2024 நவம்பர் 30 இரவை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் நம் பக்கத்து மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. திண்டிவனத்தில் நாம் மாடியில் பத்திரமாக இருந்தோம், ஆனால் ஜெனரேட்டரில் டீசல் இருந்தும் போனில் கோடு இல்லை. கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும். அதன் பேட்டரி தீர்ந்தால் நம் கையில் இருப்பது வெறும் டார்ச் லைட்.

என் சொந்த ஊர் மேல்சித்தாமூர், இங்கிருந்து செஞ்சி பக்கம் இருபது கிலோமீட்டர் அளவில். அங்கே என் சித்தப்பா தனியாக இருக்கிறார், 84 வயது. இரண்டு நாள் அவரோடு பேச முடியவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து சாலை திறந்த பிறகு என் தம்பி பைக்கில் போய்ப் பார்த்தான். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து, "ஏன்டா, உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சோன்னு நான் இங்க தவிச்சுக்கிட்டிருக்கேன்" என்று அவனைத் திட்டியிருக்கிறார். நல்லபடி முடிந்தது. நம் குடியிருப்பில் பாதிப் பேருக்கு வல்லம், மயிலம், செஞ்சி என்று சுற்றுவட்டாரத்தில் பெரியவர்கள் இருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் ஒவ்வொரு தடவையும் நல்லபடி முடியும் என்று சொல்ல முடியாது.

இப்போது கணக்கு. வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய பார்வைக் கோட்டில் போகும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். நம் மொட்டைமாடி லிஃப்ட் அறை 18 மீட்டர், வர்க்கமூலம் 4.24, பெருக்கினால் 17.5 கிலோமீட்டர். ஊரில் ஒரு குழாய் நட்டு 9 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்தால் 12.4. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 30. நமக்கு வேண்டியது 20. மரமும் கட்டிடமும் கொஞ்சம் விழுங்கும், அப்படியும் கையிருப்பு இருக்கிறது. அங்கே உயரமான ஆன்டெனா இல்லாமல் வாக்கி-டாக்கியைக் கையில் பிடித்தால் 5 கிலோமீட்டர்தான் சேரும், மொத்தம் 22.5, மரமும் கட்டிடமும் கழிந்தால் ஒன்றும் மிஞ்சாது. அலையைப் பொறுத்தவரை வாட்டைவிட உயரம் பெரிது. செஞ்சி ராஜகிரிக் கோட்டையைக் கட்டியவர்களுக்கு இது தெரியும். சுமார் 240 மீட்டர் உயரம், நம் வாய்ப்பாட்டில் போட்டால் 64 கிலோமீட்டர் வருகிறது. (2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது, அங்கே ஆன்டெனா நடும் ஆசை யாருக்கும் வேண்டாம்.)

ஆன்டெனா நாமே செய்யலாம். 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் ஏறக்குறைய அரை மீட்டர். நேராக ஒரு கம்பி, கீழே சாய்வாக நான்கு கம்பி. பழைய குடைக் கம்பியே போதும். கேபிளில்தான் கஞ்சத்தனம் கூடாது. சாதாரண ஆர்.ஜி.58 கேபிளை மாடியிலிருந்து கேட் வரை 30 மீட்டர் இழுத்தால், சக்தியில் நான்கில் மூன்று பங்கு வழியிலேயே போய்விடும். அதனால் மேசைக் கருவி இனி கேட் அறையில் வேண்டாம், லிஃப்ட் அறையில் இருக்கட்டும். மின்சாரத்துக்கு 12 வோல்ட் இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் அரை ஆம்பியர் அளவில்தான் எடுக்கும். ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி, 150 ஆம்பியர் மணி பேட்டரியில் ஒரு வாரம் தாராளமாக ஓடும். பேசும்போது கூடுதலாக எடுக்கும், ஆகவே சுருக்கமாகப் பேச வேண்டும்.

சுருக்கமாகப் பேசுவது நமக்குப் பழக வேண்டிய ஒன்று. இதில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. பொத்தானை அழுத்தினால் பேச்சு, விட்டால் கேட்பு. எங்கள் ஊர் பார்சுவநாதர் கோயில் தேர் ஓடும்போது வடம் பிடிக்கிறவர்களுக்குப் பின்னால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் தெரியமாட்டார். நடுவில் ஒருவர் துண்டை வீசுவார். துண்டு மேலே போனால் இழு, கீழே வந்தால் நிறுத்து. இரண்டு பேர் துண்டு வீசினால் தேர் வீட்டுத் திண்ணைமேல் ஏறிவிடும். வயர்லெஸ்ஸிலும் அதே ஒழுங்கு வேண்டும். நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவைப் பார்க்கும்போது எனக்குச் சற்றுக் கவலையாகத்தான் இருக்கிறது.

"இதெல்லாம் நிஜத்தில் உதவியிருக்கிறதா?" என்று டி பிளாக் நண்பர் கேட்டார். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் அந்தமானில் போர்ட் பிளேரிலிருந்து பேச அனுமதி பெற்று, குழுவோடு முகாமிட்டிருந்தார். உலகம் முழுவதும் உள்ள ஹாம்களோடு பொழுதுபோக்காகப் பேசத்தான் போனார்கள். 26-ஆம் தேதி சுனாமி வந்தது. தீவுகளின் தொலைபேசி அறுந்துபோனது. அதன்பின் பல நாள் அந்தக் குழு, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தியைத் தாய்நாட்டுக்குக் கடத்திக்கொண்டிருந்தது. அவர்கள் பயன்படுத்தியது நெடுந்தூரக் கருவி, நம்முடையது இருபது கிலோமீட்டர்க் கருவி. ஆனால் என் சித்தப்பாவும் இருபது கிலோமீட்டரில்தான் இருக்கிறார்.

ஓர் எச்சரிக்கை. இந்த மாற்றத்தைத் தலைகீழாகச் செய்கிறவர்கள் நிறைய. இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வரும் சீனக் கருவியை வாங்கி, தோன்றிய எண்ணைப் போட்டு, கல்யாண மண்டபத்திலும் கட்டுமான இடத்திலும் பேசுகிறார்கள். 136–174-க்குள்தான் கப்பல்களும் படகுகளும் ஆபத்தில் அழைக்கும் 156.8 மெகாஹெர்ட்ஸும் இருக்கிறது. மரக்காணத்து மீனவர் கூப்பிடும் நேரத்தில் மண்டபத்துச் சமையல்காரர் "சாம்பார் வாளி அனுப்பு" என்றால் என்ன ஆகும்? இந்த விற்பனையைக் கட்டுப்படுத்தத்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் இணைய விற்பனைத் தளங்களுக்குத் தனி விதிமுறைகள் வெளியிட்டது. உங்கள் பிள்ளைகள் அப்படி ஒன்று வாங்கி வைத்திருந்தால், தேர்வு எழுதி உரிமம் எடுக்கும் வரை பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொல்லும் ஏழு கருவிகளுக்கும் இதே விதிதான்: அழைப்புக்குறி இல்லாத கை பொத்தானை அழுத்தக்கூடாது.

ஆகவே நான் கேட்பது இரண்டு. உரிமம் முடிவதற்கு முன்பே, தொலைத்தொடர்பு அமைச்சகத்தின் வயர்லெஸ் திட்டமிடல் பிரிவுக்குச் சங்கம் ஒரு கடிதம் எழுத வேண்டும். ஏழு கருவிகளின் வரிசை எண்ணையும் குறிப்பிட்டு, இவற்றை உரிமம் பெற்ற அமெச்சூர்களிடம் ஒப்படைக்க அனுமதி கேட்க வேண்டும். பதில் வரும் வரை அவை அலுவலக அலமாரியில் பூட்டியே இருக்கட்டும், என் வீட்டுக்குக்கூட வர வேண்டாம். கடிதத்தின் வரைவை எழுதித் தலைவரிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது, ஆள். இப்போது இந்தக் குடியிருப்பில் அழைப்புக்குறி உள்ளவன் நான் ஒருவன்தான். ஒரு கையால் ஓசை வராது. இங்கே இரண்டு பேராவது, ஊர்ப்பக்கம் இரண்டு பேராவது வேண்டும். 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். கட்டுப்படுத்தப்பட்ட வகுப்புக்கு மோர்ஸ் தேவையில்லை. அடிப்படை மின்னியலும் விதிமுறைகளும்தான் பாடம். விண்ணப்பம் சரள் சஞ்சார் என்ற அரசு இணையதளத்தில். காமர்ஸ்காரன் நானே ஓம் விதியைப் படித்துத் தேறினேன், பிளஸ் டூவில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் போதும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு சங்க அலுவலகத்தில் பாடம் நடத்த நான் தயார், கட்டணம் இல்லை. இதுவரை நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் மூவர் பள்ளிப் பிள்ளைகள், ஒருவர் பி பிளாக் 302 பாட்டி.

ஒரு சிறு வேண்டுகோள். பழைய வாக்கி-டாக்கிகளின் சார்ஜர்கள் இன்னும் கேட் அறையில்தான் இருக்கின்றன. அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சிலர் செல்போன் சார்ஜரைச் செருகுகிறார்கள். சார்ஜர் இரண்டுதான் மிச்சம், தயவுசெய்து அவற்றை அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள்.